முயலும் சர்க்கரைக்கொல்லியும்

கொங்கு நாட்டின் வேலிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், பாதி மருந்துக் கடையைக் கடந்து சென்றதாகக் கொள்ளலாம். காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கொறங்காடுகளைச் சூழ்ந்து நிற்கும் கிளுவை வேலிகளில் பிரண்டையும் கோவையும் படர்ந்து கிடக்கும். வேலியோரத்தில் ஆடாதோடையும் நொச்சியும் தூதுவளையும் தாமாகவே வளர்ந்து நிற்கும். எந்த இலை எந்த நோய்க்கு உதவும் என்று வீட்டு முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களே நம்மில் பலர்.

அண்மைக் காலத்தில் அந்தப் பேச்சோடு புதியதொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. "இந்த இலையை முயலுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்கிறார்கள். விளம்பரத்தில் இதைக் காண்கிறோம். பேருந்தில் அருகே அமர்ந்தவர் சொல்லவும் கேட்கிறோம். முயலிடம் நடத்தும் சோதனை உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். பல ஆண்டுகள் மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், இதனை ஓர் இலையின் வரலாற்றைக் கொண்டே விளக்க முற்படுகிறேன்.

அந்த இலை சிறுகுறிஞ்சான். காடுகளிலும் புதர்களிலும் மற்ற செடிகளைச் சுற்றி ஏறும் கொடி இது, எருக்கின் உறவு. இதன் இலையை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயிலிட்டால் இனிப்பே தெரியாது. மணலைத் தின்பது போலிருக்கும். அரை மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இந்த விந்தை நீடிக்கும். இதனாலேயே இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர் உண்டு.

கோயமுத்தூருக்கு வடமேற்கே தெரியும் நீலகிரியில்தான் இந்த இலையின் விஞ்ஞான வரலாற்றில் முக்கியமானதோர் அத்தியாயம் நிகழ்ந்தது. உதகமண்டலத்தில் அரசாங்கத்தின் கொயினா இரசாயன நிபுணராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், 1887இல் இந்த இலையைப் பகுத்தாராய்ந்து, நாவை ஏமாற்றும் பொருளைப் பிரித்தெடுத்தார். ஜிம்னிமிக் அமிலம் என்று அது பெயர் பெற்றது. அப்பொருள் நாவிலுள்ள இனிப்பு உணரும் உறுப்புகளைத் தற்காலிகமாக மறைத்துவிடுகிறது என்பதை இன்று நாம் அறிவோம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நாவில் சர்க்கரையின் சுவை மறைகிறது என்பது ஒன்று. குருதியில் சர்க்கரையின் அளவு குறைகிறது என்பது வேறொன்று. முன்னது மெய்யாக இருப்பதாலேயே பின்னதும் மெய்யாகிவிடாது. பெயரில் சர்க்கரைக்கொல்லி என்று இருப்பது எதற்கும் சான்றாகாது. நாட்டின் பல பகுதிகளில் வைத்தியர்கள் நீரிழிவுக்கு இந்த இலையைக் கொடுத்து வந்தார்கள். அவர்கள் அனுபவத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அந்த அனுபவம் உண்மைதானா என்று அறிய வேண்டுமானால் குருதியைத்தான் கேட்க வேண்டும். கேட்கும் விதத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு முயல் ஏன்? முயலின் காது மடலின் ஓரமாகத் தெளிவாகத் தெரியும் இரத்தக் குழாய் ஒன்று ஓடுகிறது. அதிலிருந்து சில துளிக் குருதியை, பிராணியைக் கொல்லாமலும் அதிகம் வருத்தாமலும், ஒரே நாளில் பலமுறை எடுக்கலாம். குருதிச் சர்க்கரையை மணிக்கு மணி அளக்க விரும்புவோர்க்கு இது பெரிய வசதி. இன்சுலினின் வரலாற்றிலும் முயலுக்கு இடமுண்டு. 1921ஆம் ஆண்டின் இறுதியில் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோருடன் சேர்ந்து உழைத்த கோலிப், தாம் தூய்மைப்படுத்திய கணையச் சாற்றின் ஆற்றலை முயல்களைக் கொண்டே அளந்தார். தொடக்கக் காலத்தில் இன்சுலினின் 'அலகு' என்ற அளவையே, ஒரு நாள் பட்டினி கிடந்த 2 கிலோ எடையுள்ள முயலின் குருதிச் சர்க்கரையை எவ்வளவு தாழ்த்துகிறது என்பதைக் கொண்டு வகுத்தார்கள். இன்று கோடிக்கணக்கானோர் போட்டுக்கொள்ளும் ஊசியின் அளவுக்குப் பின்னால் அந்த முயல் இருக்கிறது.

நலமாக உள்ள முயலுக்கு நீரிழிவு இல்லை. ஆகவே, சோதனைக்காக அதற்கு அந்நோயை உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வழி கிடைத்தது எதிர்பாராத விதமாகத்தான். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கிடையே நசுங்கியவர்களின் சிறுநீரகம் கெட்டுப்போவது ஏன் என்ற கேள்வியைக் கிளாஸ்கோ நகரில் டன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தார்கள். அதற்காக முயல்களுக்குச் செலுத்திய பொருள்களுள் அலோக்சான் என்பதும் ஒன்று. அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளை அழித்துவிட்டதை 1943இல் அவர்கள் வெளியிட்டார்கள். அதுமுதல் நீரிழிவு ஆராய்ச்சியில் அலோக்சான் ஒரு கருவியாயிற்று.

இனி இலைக்கு வருவோம். ஆராய்ச்சியாளர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி மிக எளியது: கையிலுள்ள இலை எந்தச் செடியின் இலை? நாட்டுப் பெயரை நம்பினால் ஏமாறலாம். கரிசலாங்கண்ணி என்ற ஒரே பெயரில் வெள்ளைப் பூ பூக்கும் செடியும் மஞ்சள் பூ பூக்கும் செடியும் வழங்குகின்றன; இரண்டும் வேறு வேறு இனங்கள். ஆகையால், பூவும் காயும் கூடிய கிளையொன்றை உலர்த்தித் தாவரவியல் அறிஞரிடம் காட்டி, அவர் உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். இவ்வகையில் கோயமுத்தூருக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் 1955 முதல் இங்கே இயங்கி வருகிறது. தமிழகத்து மூலிகை ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தால், "கோயமுத்தூரில் இனங்கண்டு உறுதி செய்யப்பட்டது" என்ற வரியைப் பல இடங்களில் காணலாம்.

இனம் தெரிந்த இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்குவார்கள். அந்தப் பொடியை நீரிலோ சாராயத்திலோ ஊறவைத்து, சாரத்தை வடித்து, கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் பிசுபிசுப்பான ஒரு சத்து எஞ்சும். நீர் இழுக்கும் பொருள் வேறு, சாராயம் இழுக்கும் பொருள் வேறு. எனவே வீட்டில் இலையை அரைத்துக் குடிப்பதும், ஆய்வுக்கூடத்தில் சாராயத்தில் எடுத்த சத்தைக் கொடுப்பதும் ஒரே மருந்தைக் கொடுப்பதாகா. ஒன்றைப் பற்றிய முடிவை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்லுவோர் பலர்.

அடுத்து, முயல்களைக் கூட்டங்களாகப் பிரிப்பது. முதற் கூட்டம் நலமான முயல்கள். அவற்றுக்கு வெறும் நீர். இரண்டாவது கூட்டம் நலமான முயல்கள். அவற்றுக்கு இலைச் சத்து. மூன்றாவது நோயுண்டாக்கப்பட்டவை; வெறும் நீர். நான்காவது நோயுண்டாக்கப்பட்டவை, இலைச் சத்து. ஐந்தாவது நோயுண்டாக்கப்பட்டவை, ஏற்கெனவே பயன் தெரிந்த மருந்து. எந்த முயல் எந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்பதை ஆராய்ச்சியாளர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாகாது. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் அது நிகழ வேண்டும்.

நான்காவது கூட்டம் மட்டும் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இலையைக் கொடுத்தோம், சர்க்கரை குறைந்தது, வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல கேள்விதான். அலோக்சான் செலுத்தப்பட்ட பிராணிகளுள் சில, எந்த மருந்தும் இல்லாமல் தாமாகவே தேறிவிடுவதுண்டு. நீர் மட்டும் பெற்ற மூன்றாவது கூட்டம் இல்லாவிட்டால், இயற்கையாகத் தேறியதன் புகழெல்லாம் இலைக்குப் போய்ச் சேரும். மேலும், முயல் மிகவும் அஞ்சும் இயல்புடையது. முரட்டுத்தனமாகப் பிடித்தாலே அதன் குருதிச் சர்க்கரை ஏறிவிடும். ஒரு வாரம் பழகி அச்சம் தெளிந்த முயலின் சர்க்கரை இறங்கினால், அதனை இலையின் வேலை என்று கொள்ளலாமா? எல்லாக் கூட்டங்களையும் ஒரே விதமாகப் பிடித்து, ஒரே குழாய் வழியாகக் கொடுத்து, ஒரே நேரத்தில் குருதி எடுத்தால்தான் இந்த ஐயம் நீங்கும்.

இரண்டாவது கூட்டத்துக்கும் தனி வேலை உண்டு. இலை நன்மை செய்கிறதா என்று கேட்பதோடு, தீமை செய்கிறதா என்றும் கேட்டாக வேண்டும். முயல் தீனி எடுக்கிறதா, எடை குறைகிறதா, கல்லீரலும் சிறுநீரகமும் கெடாமல் இருக்கின்றனவா என்றெல்லாம் வாரக் கணக்கில் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். சர்க்கரையைக் குறைத்துக் கல்லீரலைக் கெடுக்கும் மருந்தால் யாருக்கு என்ன பயன்?

இப்படியொரு சோதனை நம் சிறுகுறிஞ்சானுக்குச் சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலார் சண்முகசுந்தரமும் அவர் குழுவினரும், அலோக்சானால் நீரிழிவுற்ற முயல்களுக்கு இந்த இலையின் உலர்ந்த பொடியைக் கொடுத்து ஆராய்ந்து, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குருதிச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. கதிரியக்க அடையாளமிட்ட குளுக்கோஸைச் செலுத்தி, அது உடலுக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். இலை பெறாத நோயுற்ற முயல்களைவிட, இலை பெற்றவற்றின் கல்லீரலும் சிறுநீரகமும் தசையும் குளுக்கோஸை மிகுதியாக ஏற்றுச் சேமித்தன. நோயினால் கல்லீரலில் தோன்றிய கேடுகளும் மாறின. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட ஓர் இலை, தக்க முறையில் கேட்டபோது தக்க விடை தந்தது. இது மகிழத்தக்க செய்தியே.

ஆனால், விடை தந்தது முயல் என்பதை மறத்தலாகாது. முயலுக்கும் நமக்கும் உள்ள வேற்றுமைக்கு ஓர் இலையையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஐரோப்பியக் காடுகளில் பெல்லடோனா என்றொரு நச்சுச் செடி உண்டு. நம் ஊமத்தையைப் போலக் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையை மனிதன் தின்றால் உயிருக்கே ஆபத்து. முயல்களுள் சிலவோ அதனைத் தின்றுவிட்டு யாதொரு கேடுமின்றித் திரியும். அவற்றின் குருதியில் அந்த நஞ்சைச் சிதைக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே அமைந்திருக்கிறது. "முயல் தின்று நன்றாக இருக்கிறது" என்ற ஒன்றை மட்டும் நம்பி அவ்விலையை நாம் வாயில் வைத்தால் என்ன ஆகும்?

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. கருவுற்ற தாய்மார்களின் மசக்கைக்கு 1950களின் பிற்பகுதியில் வழங்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறையுடன் பிறக்கச் செய்தது. 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் தீங்கு எலிகளிடம் எளிதில் வெளிப்படவில்லை. 1962இல் முயல்களின் குட்டிகளிடம் தெளிவாக வெளிப்பட்டது. ஆக, ஒரு பிராணி நம்மை எச்சரிக்கவும் கூடும், ஏமாற்றவும் கூடும்.

அளவின் கணக்கும் எளிதன்று. முயலின் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் இலைச் சத்து பயன் தந்தது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு அப்படியே பெருக்கினால் 18 கிராம் வரும். சிறிய உடல் பெரிய உடலைவிட வேகமாக மருந்தைச் செலவழிக்கும். அதனால், உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடும் முறையில், மனிதனுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 100 மில்லிகிராமே ஈடாகும். மொத்தம் 6 கிராம். பள்ளிக் கணக்கைப் போலப் பெருக்கியவர் மூன்று மடங்கு கொடுத்துவிடுவார்! அந்த 6 கிராமும் மதிப்பீடுதான். மனிதர்களிடம் தொடங்கும்போது அதனினும் குறைவான அளவிலிருந்தே தொடங்குவார்கள்.

ஆகையால், முயல் சொன்ன விடையை மனிதரிடம் கொண்டுபோய் மீண்டும் கேள்வியாகக் கேட்க வேண்டும். சென்னைக் குழுவினர் அதையும் செய்தார்கள். 1990இல் வெளியான அவர்களுடைய ஆய்வுகளுள் ஒன்றில், இன்சுலினை நம்பி வாழும் 27 நோயாளிகளுக்கு நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச் சத்தை இன்சுலினோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட இன்சுலினின் அளவு குறைந்தது. மற்றொன்றில், மாத்திரை உண்டுவந்த 22 பேருக்கு 18 முதல் 20 மாதங்கள் வரை கொடுத்தார்கள். அவர்களுள் ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நம்பிக்கையூட்டும் செய்திதான். எனினும் நோயாளிகளின் தொகை சிறிது. யார் உண்பது இலை, யார் உண்பது வெறும் பொடி என்பதை மருத்துவரிடமிருந்தும் நோயாளியிடமிருந்தும் மறைத்து நடத்திய சோதனைகளும் அல்ல அவை. மாத்திரையை நிறுத்தியவர் ஐவர் என்றால், நிறுத்த முடியாதவர் 17 பேர் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இந்த இலையின் சத்தை உண்ட ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக 2010இல் மருத்துவ ஏடொன்றில் செய்தி வந்தது என்பதையும் மறைக்கலாகாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். இது ஏட்டுச் சண்டையாக இருந்தால் நானும் இதைப் பெரிதுபடுத்தமாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பள்ளியில் படிக்கும் சிறுவனுக்கு நீரிழிவு. நாள்தோறும் ஊசி போடும் துன்பத்தைக் காணப் பொறுக்காத பெற்றோர், "முயலுக்கே குணமாகியிருக்கிறது" என்று யாரோ சொன்னதை நம்பி, ஊசியை நிறுத்திவிட்டு இலைச் சாற்றைக் கொடுத்தார்கள். சில நாள்களில் பிள்ளை வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, நினைவிழந்தான். நல்லவேளையாக மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று பிழைக்கவைத்தார்கள். அந்தப் பெற்றோர் அறிவிலிகள் அல்லர். பிள்ளைமேல் அன்பு மிக்கவர்கள். அவர்கள் காதில் விழுந்த வாக்கியத்தில் பாதிதான் இருந்தது. சென்னை ஆய்வில் அந்த 27 பேரும் இன்சுலினோடு சேர்த்தே இலைச் சத்தை உண்டார்கள் என்ற மறுபாதியை யாரும் சொல்லவில்லை. இன்சுலின் அறவே சுரக்காத பிள்ளைக்கு அந்த ஊசியே உயிர். எந்த இலையும் இதுவரை அதன் இடத்தைப் பிடித்ததில்லை.

இலைகளிடம் நமக்கு நம்பிக்கை வேண்டாமென்று இதற்குப் பொருளில்லை. நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதுவும் நீரிழிவுக்கு மருந்தென்று பல நாடுகளில் பெயர் பெற்ற செடிதான். 1950களில் கனடா நாட்டில் நோபிள், பீர் என்ற இருவர், ஜமைக்காவிலிருந்து வந்த அதன் இலைகளைச் சோதித்தார்கள். வாய்வழியே கொடுத்தபோது குருதிச் சர்க்கரை குறையவில்லை. ஊசியில் செலுத்தியபோது எலிகள் நோய்த் தொற்றால் இறந்தன. அவற்றின் குருதியில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அவர்கள் இலையைத் தூக்கியெறியவில்லை. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள், வெள்ளணு பெருகும் நோய்க்கு உதவக்கூடுமே என்று எண்ணித் தேடினார்கள். 1958இல் வெளியான அந்த ஆராய்ச்சியிலிருந்து, புற்றுநோய்க்கு இன்றும் பயன்படும் வின்பிளாஸ்டின் கிடைத்தது. 'சர்க்கரை குறையவில்லை' என்ற விடையை நேர்மையாக ஏற்றுக்கொண்டதால் கிடைத்த பரிசு அது.

இறுதியாக, முயலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாயில்லாப் பிராணிக்கு நோயை உண்டாக்கி ஆராய்வது சிறிய காரியமன்று. பிராணிகள் வதைத் தடைக்காக 1950களில் மாநிலங்களவையில் குரல் எழுப்பியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1960இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. 1998இல் பிராணிச் சோதனைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. இன்று நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி எந்தக் கல்லூரியும் முயலைத் தொடலாகாது. இங்கிலாந்தின் ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவரும் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தார்கள். பிராணியில்லாமல் அறிய முடியுமானால் அவ்வாறே அறிக. இயன்ற அளவு குறைந்த பிராணிகளைக் கொள்க. அவற்றின் துன்பத்தைத் தணிக்க என்பனவே அவை. ஒப்பிடக் கூட்டமில்லாமலும் இனம் தெரியாத இலையோடும் நடத்தப்படும் சோதனையில் முயல் படும் துன்பம் முழுவதும் வீண். அதன் முடிவை நம்பும் நோயாளியோ ஏமாறுவார்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை கோவைப் பகுதிக் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் இலைச் சத்தைக் கையில் ஏந்தி நிற்கப் போகிறீர்கள். மற்றவர்கள் வீட்டில் ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து, கேள்விப்பட்ட மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறீர்கள். இரு சாராருக்கும் வேண்டிய கேள்விகள் ஒன்றேதாம். எந்தச் செடி? எந்த வகைச் சத்து, எவ்வளவு? எதனோடு ஒப்பிட்டார்கள்? மனிதரிடம் சோதித்தார்களா, சோதித்தபோது பழைய மருந்தை நிறுத்தினார்களா, தொடர்ந்தார்களா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை இலையைப் பழிக்கவும் வேண்டாம், ஊசியை நிறுத்தவும் வேண்டாம். நம் வேலிகளில் இன்னும் கேட்கப்படாத இலைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைக் கேட்கத் தெரிந்தவர்களாக நீங்கள் வளர வேண்டும்.